திருகாணித் தலையில் ஒரு பூ

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் பலரும் தோளில் ஊன்றிக் குறி பார்ப்பார்கள், இல்லையென்றால் குழலுக்குள் ஒற்றைக் கண்ணை வைத்து எட்டிப் பார்ப்பார்கள். என் அப்பா திருகாணிகளைப் பார்ப்பார். திருகாணித் தலையிலுள்ள கீறல்கள் எல்லாம் குழலின் போக்கிலேயே நிற்கின்றனவா, ஏதாவது ஒன்று கோணிக்கொண்டிருக்கிறதா, திருப்புளி வழுக்கி எந்தத் தலையிலாவது விளிம்பு கிழிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். நல்ல ஆங்கிலத் துப்பாக்கியில் ஒவ்வொரு திருகாணியும் முழுதாக இறுகி நிற்கும்போது கீறல் குழலோடு நேராக நிற்கும்படி தலையை அராவி வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகுதான் தலையில் பூ வெட்டுவார்கள். ஒன்றைக் கழற்றி வேறு ஓட்டையில் மாட்டினால் பூவின் இதழ் பக்கத்துக் கொடியோடு சேராது. கோணி நிற்கும் ஒரு திருகாணியே போதும், அந்தத் துப்பாக்கி தப்பான கைக்குப் போய் வந்திருக்கிறது என்று அப்பா சொல்லிவிடுவார்.

எங்கள் ஊர் வடக்கனந்தல். கல்வராயன் மலைக்குக் கீழே, கோமுகி அணைக்கும் கச்சிராயபாளையத்துக்கும் பக்கம். குடும்பத் தொழில் மரச்சிற்பம். தேர், சுவாமி வாகனம், வாசக்கால் என்று வேலை வரும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்குத் தெரியும். அதே உளிகள் ஒரு காலத்தில் துப்பாக்கிக் கட்டைகளையும் தொட்டன என்பது எங்கள் தெருவுக்கு வெளியே அநேகமாக யாருக்கும் தெரியாது. உரிமம் வைத்திருந்த பெரிய குடும்பங்களிலிருந்து கட்டை உடைந்த துப்பாக்கிகள் வரும். துப்பாக்கியை எங்களிடம் விட்டுவிட்டுப் போக முடியாது, சட்டம் இடம் கொடுக்காது. அதனால் உரியவரே கழற்றுவார். இரும்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மரத்தை மட்டும் எங்களிடம் கொடுப்பார். பொருத்திப் பார்க்கும் நாளில் திரும்பவும் இரும்போடு வந்து வேலை முடியும்வரை திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில்தான் சுடும் பொறியான பூட்டைத் தாங்கும் தகட்டை, பூட்டுத் தகட்டை, எனக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைக்கும்.

கட்டை உடைவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். கை பிடிக்கும் ஒடுங்கிய கழுத்தில். அங்கே மரம் மெலிந்திருக்கும், உள்ளே பூட்டுக்காகக் குடைந்திருப்பார்கள், போதாக்குறைக்கு ஆண்டுக்கணக்கில் பூட்டுக்கு விட்ட எண்ணெய் எல்லாம் அங்கேதான் இறங்கும். எண்ணெயில் ஊறி ஊறி மரம் கறுத்து, நகம் பட்டால் பதியும் அளவுக்கு மெத்தென்று ஆகிவிடும். சீமைத் துப்பாக்கிக்கு அக்ரோட்டு மரம். பிரான்சிலிருந்தும் துருக்கிப் பக்கமிருந்தும் இங்கிலாந்துக்குப் போன மரம் அது. எங்கள் ஊரில் தேக்கையும் ஈட்டியையும் வைத்து மாற்றுக்கட்டை செய்தவர்கள் உண்டு. தேக்கு இணுக்கு இணுக்காகப் பெயரும், ஈட்டி கனக்கும். அக்ரோட்டு மரத்தின் ரேகை கழுத்தில் நேராகவும் பின்கட்டையில் அலை அலையாகவும் வரும்படி பலகையைத் தேர்ந்தெடுத்தவன் யாரோ, அவன் மரத்தைப் படித்தவன். நேர் ரேகை உறுதிக்கு, அலை கண்ணுக்கு. இரண்டையும் ஒரே துண்டில் கண்டுபிடிப்பதற்கு எத்தனை மரம் அறுக்கப்பட்டதைப் பார்த்திருக்க வேண்டும்!

கழுத்திலும் முன்கட்டையிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழைத்து, சின்னச் சின்னச் சாய்சதுரங்களாக வெட்டியிருப்பார்கள். வியர்த்த கை வழுக்காமலிருக்கத்தான் அது. ஆனால் அந்தக் கோடுகள் கழுத்தின் வளைவில் ஏறி இறங்கி மறுபக்கம் போயும் ஒன்றையொன்று விட்டு விலகாமல் போவதைப் பார்த்தால், பிடிமானத்துக்காக மட்டும் ஒருவன் அவ்வளவு பாடுபட மாட்டான் என்று தெரியும். தேய்ந்த கோடுகளைத் திரும்ப வெட்டும்போது அப்பா பழைய பள்ளத்தின் அடியைத் தேடித் தேடித்தான் போவார். புதுக் கோடு ஒன்றுகூடப் போட மாட்டார். வார்னிஷ் பூசச் சொன்னால் மறுத்துவிடுவார். ஆங்கிலக் கட்டைக்குப் பூச்சு கிடையாது. ஆளிவிதை எண்ணெயைத் துளித் துளியாக விட்டு உள்ளங்கையால் தேய்த்து, காயவைத்து, மறுபடி தேய்த்து, வாரக்கணக்கில் ஏற்றிய மெருகு அது. அதன்மேல் நூறு ஆண்டு மனிதக் கை பட்டிருக்கிறது. எந்த டப்பாவிலும் அது கிடைக்காது.

இனி இரும்புக்கு வருகிறேன். பூட்டுத் தகட்டின் நகாசைப் பார்க்க எனக்குக் கண் கொடுத்தது கோயில் வேலைதான். தேர்ப் பலகையில் கொடிக்கருக்கு வெட்டப் பழகும் பையனுக்கு முதலில் சொல்லித் தருவது, கொடி எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்து அறுபடாமல் ஓட வேண்டும், சுருளின் நடுவில் மூச்சு முட்டக் கூடாது, இலை கொடியிலிருந்து பிறக்க வேண்டும், ஒட்டவைத்தது போலத் தெரியக் கூடாது என்பதைத்தான். ஆங்கில நகாசும் இதே கணக்கில்தான் நடக்கிறது. அங்கே அது அகாந்தஸ் என்ற மத்தியதரைக் கடல் நாட்டுச் செடியின் இலை. கிரேக்கத் தூண் தலைகளில் இருந்த இலை, ரோம் வழியாக வெள்ளிப் பாத்திரங்களுக்கும் கடிகாரங்களுக்கும் வந்து, கடைசியில் துப்பாக்கிப் பூட்டிலும் ஏறியது. பர்டி நிறுவனத்தின் துப்பாக்கிகளில் மிகச் சின்னச் சுருள்களும் நடுநடுவே ரோஜாக் கொத்தும் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தகடு வெறும் சாம்பல் நிறமாகத்தான் தெரியும், கிட்டப் போனால்தான் தோட்டம் திறக்கும். ஹாலந்து அண்டு ஹாலந்தின் ‘ராயல்’ வகையில் இலை பெரிது, வெட்டு ஆழம், எட்ட நின்றே தெரியும். எனக்குப் பிடித்தது முதல் வகை. அடக்கமான வேலையில்தான் தப்பை மறைக்க இடமில்லை.

நகாசு வெட்டும் நேரத்தில் இரும்பு மென்மையாக இருக்கும். அராவி முடித்து, பளபளவென்று வெள்ளையாக இருக்கும் பாகங்கள் நகாசுக்காரனிடம் வரும். சின்னச் சுத்தியலும் கூர் உளியுமாக அவன் வெட்டுவான், நுண்ணிய நிழல் கோடுகளைக் கையாலேயே தள்ளி இழுப்பான். வெட்டி முடித்த பிறகு எலும்புக் கரியும் தோல் கரியும் நிரப்பிய இரும்புப் பெட்டியில் பாகங்களைப் புதைத்து, செக்கச்செவேலென்று காய்ச்சி, சட்டென்று தண்ணீரில் கொட்டுவார்கள். கரி இரும்பின் மேல்தோலில் ஏறி அது கண்ணாடி மாதிரி கெட்டிப்படும். அந்தக் கணத்தில்தான் நீலமும் தவிட்டு நிறமும் வைக்கோல் நிறமும் கலந்த மேகங்கள் அதன்மேல் படியும். யாரும் தீட்டியதல்ல அந்த நிறம், நெருப்பும் நீரும் போட்டது. இரண்டு துப்பாக்கிகளில் ஒரே மாதிரி வராது. கெட்டிப்பட்ட பிறகு எந்த உளியும் ஏறாது என்பதால் நகாசுக்காரனுக்குத் திருத்த வாய்ப்பே கிடையாது.

நல்ல வேலையை அடையாளம் காண்பது கடினமில்லை. சுருளின் கோடு மெல்லியதாகத் தொடங்கி நடுவில் தடித்து மறுபடி மெலிந்து முடிய வேண்டும், அதுவும் ஒரே ஓட்டத்தில். ஓரக் கோடு தகட்டின் விளிம்போடு சம தூரத்தில் போக வேண்டும். கோடு முடியும் இடத்தில் உளி தாண்டிப்போன கீறல் இருக்கக் கூடாது. மலிவான துப்பாக்கிகளில் அச்சு வைத்து உருட்டிய நகாசு உண்டு. அதில் கோட்டின் கனம் எங்கும் ஒன்றாகவே இருக்கும், பள்ளத்தின் அடி மழுங்கியிருக்கும். விரல் நுனியால் தடவினாலே தெரிந்துவிடும், கருக்கு இருக்காது.

காலப்போக்கில் நகாசுக்காரனுக்குக் கிடைத்த இடமும் மாறியது. பழைய துப்பாக்கிகளில், தட்டி வெடிக்கவைக்கும் குதிரை பூட்டின் மேல் வெளியே நிற்கும். அதன் கழுத்திலும் வாலிலும் இலை வெட்டியிருப்பார்கள், தகட்டில் மிச்ச இடம் கொஞ்சம்தான். 1875இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையின் ஆன்சனும் டீலியும் குதிரையைப் பெட்டிக்குள் மறைக்கும் அமைப்புக்கு உரிமம் பெற்றார்கள். 1880இல் பீஸ்லியின் பக்கப்பூட்டு அமைப்பு வந்து பர்டியிடம் சேர்ந்தது. குதிரை உள்ளே போனதும் பக்கத் தகடு முழுவதும் திறந்த வெளியாகிவிட்டது. நகாசு அதன் உச்சத்துக்குப் போனது அதற்குப் பிறகுதான்.

இந்தத் துப்பாக்கிகள் மலையடிவாரத்துக்கு வந்த வழி சென்னை. மவுண்ட் ரோட்டுக் கடிகாரக் கடை பி. ஆர் அண்டு சன்ஸைக் கைக்கடிகாரத்துக்காக எல்லாருக்கும் தெரியும். அவர்கள் துப்பாக்கியும் விற்றார்கள். ஓக்ஸ் அண்டு கம்பெனியும் அப்படித்தான். கல்கத்தாவில் மேன்டன், ராடா கடைகள். இரண்டு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டையில் ‘மதராஸ்’ என்று அழகான ஆங்கில எழுத்தில் வெட்டியிருப்பதைப் பார்த்து, சென்னையிலேயே செய்த துப்பாக்கி என்று வைத்திருப்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். குழலைக் கழற்றி அடிப்பக்கத்தைத் திருப்பினால் வேறு கதை இருக்கும். கிரீடம், அதன்கீழ் குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்கள். பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை அது. 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி அமைந்த அந்தச் சாலையில், மிகுதியான மருந்து போட்டு வெடித்துப் பார்த்து, வெடிக்காமல் தாங்கிய குழலுக்கு மட்டுமே முத்திரை குத்துவார்கள். அடிப்பக்கத்து முத்திரைகள் வயதையும் சொல்லும். ‘நாட் ஃபார் பால்’ என்று இருந்தால் அது 1875க்கும் 1887க்கும் நடுவில் சோதனைக்குப் போனது, வாய் குறுக்கிய குழல், அதில் ஒற்றைக் குண்டு போடாதே என்று அர்த்தம். பலருக்குத் தெரியாத இன்னொன்று, பன்னிரண்டு போர் என்பது அங்குலக் கணக்கு அல்ல. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால் அதில் ஒன்று அடங்கும் குழல். சுமார் 18.5 மில்லிமீட்டர்.

ஆக, பட்டையில் இருப்பது விற்றவர் பெயர். செய்தவர் பெயர் எங்கேயும் இல்லை. பர்மிங்காமின் துப்பாக்கிப் பேட்டையில் பூட்டு அராவுகிறவர் ஒருவர், கட்டை போடுகிறவர் ஒருவர், குழலுக்கு நிறம் ஏற்றுகிறவர் ஒருவர், நகாசுக்காரர் ஒருவர் என்று தனித்தனிச் சின்னப் பட்டறைகள். ஒரு துப்பாக்கி அத்தனை கைகளையும் தாண்டித்தான் வெளியே வரும். எந்தக் கையும் கையெழுத்துப் போடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் இங்கிலாந்தின் கென் ஹண்ட், இத்தாலியின் ஃபிர்மோ ஃப்ரகாசி போன்றவர்களின் பெயரைச் சொல்லித் துப்பாக்கி வாங்கும் வழக்கம் வந்தது. நம் தேர்களிலும் வாகனங்களிலும் உபயதாரர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், உளி பிடித்தவன் பெயர் இருக்காது. பூட்டுத் தகட்டை அப்பா அவ்வளவு மரியாதையோடு துடைத்ததற்கு இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். அங்கே அவர் பார்த்தது தன்னைப் போன்ற ஒருவரின் கை.

குழலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 19ஆம் நூற்றாண்டின் நல்ல குழல்கள் பலவற்றில் பாம்புச் சட்டையைப் போன்ற வரிகள் ஓடும். டமாஸ்கஸ் குழல் என்பார்கள். இரும்பையும் எஃகையும் அடுக்கி, காய்ச்சி ஒட்டி, கம்பியாக்கி, கம்பியை முறுக்கி, முறுக்கிய கம்பிகளைச் சேர்த்து நாடாவாக அடித்து, அந்த நாடாவைக் கடப்பாரை மேல் சுற்றிச் சுற்றிக் காய்ச்சி ஒட்டிச் செய்த குழல் அது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரைச் சுற்றியுள்ள கிராமங்கள் இதில் கைதேர்ந்தவை. ஆங்கிலப் பெயர் தாங்கிய பல துப்பாக்கிகளின் குழலே அங்கிருந்து போனதுதான். முதல் உலகப்போரோடு அந்தத் தொழில் ஏறக்குறைய முடிந்துபோனது. வரிகளை வெளியே கொண்டுவருவது துரு. வேண்டுமென்றே அமிலக் கரைசல் தடவி, ஈரக்காற்றில் துருப்பிடிக்க வைத்து, கொதிநீரில் முக்கி, கம்பித் தூரிகையால் தேய்த்து, மறுபடி துருவேற்றுவார்கள். இரும்பு ஒரு நிறமும் எஃகு ஒரு நிறமும் பிடிக்கும். துருவைப் பகையாக நினைக்கும் உலகத்தில், துருவையே மெருகாக்கிய வேலை இது. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கரிமருந்துக் காலத்துக் குழல் இது. இதில் இந்தக் காலத்துத் தோட்டாவைப் போட்டு வெடிக்கவே கூடாது.

பெயரில் டமாஸ்கஸ் இருந்தாலும் உண்மையான டமாஸ்கஸ் வாளின் எஃகு தென்னிந்தியாவில் குகையிலிட்டு உருக்கிய உருக்கு என்பது இன்று உலகம் ஒப்புக்கொண்டது. சேலம் வட்டாரம் அதற்குப் பேர்போனது. அந்தச் சேலத்துக் கனிமத்தை நம்பித்தான் ஜோசையா ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830 வாக்கில் எங்கள் தென்னார்க்காட்டுக் கடற்கரையில், பரங்கிப்பேட்டையில், இரும்பாலை தொடங்கினார். இங்கிருந்து இரும்பு ஷெஃபீல்டுக்குக் கப்பல் ஏறியது. ஆலை நிலைக்கவில்லை. இங்கிருந்து இரும்பு போனது, அங்கிருந்து நகாசு வெட்டிய துப்பாக்கி வந்தது.

துப்பாக்கியை அழகு செய்வது நமக்குத் தெரியாத கலையும் அல்ல. கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே தியாகதுருகம் மலைக்கோட்டையை 1790இல் திப்பு சுல்தான் படை தாக்கியது. அந்தத் திப்புவின் சீரங்கப்பட்டினத்துப் பட்டறைகளில் செய்த துப்பாக்கிகளில் புலித்தலையும் புலிவரியும் பொன்னிலும் வெள்ளியிலும் பதிந்திருக்கும். 1799க்குப் பிறகு அவை இங்கிலாந்துக்குச் சிதறிப்போய் இன்று அங்கே அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக்கூடத்துக்கு 1863இல் தஞ்சை அரண்மனையிலிருந்து வந்தவற்றைப் போய்ப் பாருங்கள். நம்மவர்கள் இரும்பின் மேல் பொன்னைப் பதித்தார்கள். ஆங்கிலேயன் இரும்பையே வெட்டினான். பார்த்த மாத்திரத்தில் மனதை அள்ளுவது நம்முடையது. நெடுநேரம் பார்க்கப் பார்க்கக் கூடிக்கொண்டே போவது அவர்களுடையது.

அழகைப் பேசும்போது இந்தத் துப்பாக்கிகள் யார் கையில் இருந்தன என்பதை மறைக்கக் கூடாது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குப் பிறகு அரசு நம்பியவர்களுக்குத்தான் உரிமம். கல்வராயன் மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்களாக இருந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து, 1976 ஜூனில்தான் அரசு அவற்றை எடுத்துக்கொண்டது. அதுவரை ஜாகிர் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்த மலையாளிப் பழங்குடி மக்களுக்கு, நகாசு வெட்டிய துப்பாக்கி அழகுப்பொருளாகத் தெரிந்திருக்காது. அவர்கள் காட்டுப்பன்றியை விரட்ட வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியில் பூவும் இல்லை, கொடியும் இல்லை. நகாசுக்காரன் கையை நான் வணங்குகிறேன், வாங்கியவர்களின் அதிகாரத்தை அல்ல.

1972இல் வனவிலங்குச் சட்டம் வந்தபின் வேட்டை படிப்படியாக நின்றது. துப்பாக்கிகள் பீரோவுக்குள் போயின. அதன்பிறகு அவற்றைக் கெடுத்தது துருவைவிட மெருகு ஆசைதான். மலையடிவாரத்துக் குடும்பம் ஒன்றில் பேரப்பிள்ளைகள் தாத்தாவின் துப்பாக்கியைப் புதுசாக்கித் தரச் சொல்லி நகரத்துப் பாலிஷ் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். உப்புத்தாள் போட்டு, சக்கரத்தில் தேய்த்து, எவர்சில்வர் குடம் மாதிரி கொடுத்தனுப்பினார்கள். குழலின் வரி போயிற்று, பெட்டியில் இருந்த நெருப்பு நிறம் போயிற்று, கொடிக்கருக்கின் நிழல் கோடுகள் எல்லாம் வழித்தெடுத்தாயிற்று. பட்டையில் ‘மதராஸ்’ பாதிதான் மிச்சம். அதைப் பார்த்த அப்பா ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். கட்டை வேலையும் செய்யவில்லை.

ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, முன்பு மூன்று. பரம்பரைத் துப்பாக்கியும் இந்தக் கணக்கில் சேரும். கூடுதலாக இருந்ததைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். சட்டம் சரியானதுதான், மனித உயிரைவிட நகாசு பெரிதல்ல. ஆனால் ஒப்படைத்த இரும்பு அழிப்புக்குப் போகும்போது, பேர் தெரியாத ஒரு நகாசுக்காரனின் கடைசிச் சாட்சியும் அதோடு போகக்கூடும் என்பதை யாரும் எண்ணிப்பார்ப்பதில்லை. நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தொல்பொருள் என்று 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமே சொல்கிறது. திரும்பவும் சுட முடியாதபடி பழுதான பழைய ஆயுதங்களுக்கு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கும் தருகிறது.

வீட்டில் பாட்டன் காலத்து இரட்டைக்குழல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உரிமத்தைப் புதுப்பித்து வையுங்கள். உப்புத்தாளையும் புளியையும் செங்கல் பொடியையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். மெல்லிய துணியில் ஒரு துளி எண்ணெய் போதும். ஒப்படைக்கத்தான் வேண்டும் என்றால், அதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் பூட்டுத் தகட்டையும் பட்டையின் எழுத்தையும் குழலின் அடிப்பக்கத்து முத்திரைகளையும் படமெடுத்து, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அழிப்பதா வைப்பதா என்று முடிவு செய்யும் அதிகாரிகளும், பட்டியலில் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் என்பதைச் சுருக்கி ‘பழைய எஸ்.பி.பி.எல்., டி.பி.பி.எல்.’ என்று எழுதி மூடுவதற்கு முன் ஒருமுறை திருகாணித் தலைகளைப் பார்க்கட்டும்.